கூண்டுக்குள் ஒரு கங்காணி

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சூடான மணத்தோடு குரங்கு மூத்திர வாடையும் கலந்து வருமே, அதை முகர்ந்து வளர்ந்தவள் நான். முகம் சுளிக்காதீர்கள், பள்ளி விட்டு வரும் எனக்கு அதுதான் வீட்டு மணம்.

ஆனைக்கரையில் அம்மா காய் தரம் பிரித்த அந்த ஸ்டோருக்குப் பின்னால், முதலாளி கம்பிக்கூண்டில் இரண்டு குரங்குகளை வைத்திருந்தார். புருவத்தைத் தூக்கி முறைத்தே மற்றதை விரட்டிவிட்டுப் பழத்தைத் தானே முதலில் எடுக்கும் கடுவனுக்கு, தோட்டத்தில் அப்பாவோடு கூலியாட்களை எல்லாம் மேய்த்தவரின் பதவியையே பெயராக்கி, "கங்காணி" என்று வைத்திருந்தோம். கிழட்டு மந்தி "பெரியாத்தா".

ஒரு மழைக்காலத்தில், தாய் கரண்டுக் கம்பியில் அடிபட்டுச் செத்துப்போன குட்டி ஒன்றையும் அதற்குள் விட்டார்கள். கங்காணி எட்டிப் பார்த்ததும் அது எல்லாப் பல்லையும் காட்டியது. "அக்கா, சிரிக்குதுக்கா!" என்று குதித்தாள் தங்கை. நாங்களும் கம்பியில் முகத்தை அழுத்தி ஈயென்று இளித்தோம். இளிக்க இளிக்க அது கீச்சிட்டு மூலையில் சுருண்டது. மறுநாளும் கொட்டாங்கச்சிப் பாலைத் தொடவில்லை. "தாயில்லாத உசுரு, ஒரு வாய் குடிச்சாத்தானடி பொழைக்கும்" என்று அம்மா புலம்பினாள்.

அன்று சாயங்காலம் தோட்டத்துக் கங்காணி அப்பாவைச் சத்தம் போட்டார். அப்பாவோ துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"அப்பா ஏம்மா சிரிக்கிறாரு?"

"சிரிப்பாடி அது? நாளைக்கு வேலைக்கு வராதேன்னுருவாரேங்கிற பயம்டி."

ஐயோ, குட்டியும் அதைத்தானே செய்தது! எனக்குச் சுரீரென்றது. ஓடிப்போய், கூண்டைச் சுற்றி இளித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை எல்லாம் விரட்டிவிட்டு, தங்கையோடு கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் "சப் சப்" என்று சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தால், பெரியாத்தா உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டே நகர்ந்து வந்து, குட்டியை மடிக்குள் இழுத்துப் பேன் பார்க்கத் தொடங்கியிருந்தது. கங்காணி முறைத்தபோது முதுகால் மறைத்துக்கொண்டது. இருட்டுவதற்குள் குட்டி பாலைக் குடித்தது. நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

அதற்குப் பிறகு நான் சப்புக்கொட்டினால் போதும், குட்டி கம்பியருகே ஓடிவந்து பதிலுக்குச் சப்புக்கொட்டும். பேன் பார்க்கச் சொல்லித் தலையைக் கொடுக்கும். சில வருடங்களில் வனத்துறைக்காரர்கள் வந்து, குரங்கைப் பூட்டிவைப்பது குற்றம் என்று மூன்றையும் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நியாயம்தான், ஆனாலும் அன்றைக்கு அவர்கள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கூண்டு இருந்த இடத்தில் இப்போது சுற்றுலா வண்டிகள் நிற்கின்றன. குமுளிச் சாலையோரத்தில் குரங்குகளைக் கண்டால், பஸ் ஜன்னலில் பல் தெரியாமல் மெல்லச் சப்புக்கொட்டிப் பார்க்கிறேன். அவை என் முகத்தைப் பார்ப்பதில்லை. தின்ன ஏதாவது வைத்திருக்கிறேனா என்று கையைத்தான் பார்க்கின்றன.