சுலோச்சனா அக்காவும் 'குட்டி டாக்டர்' கடிதங்களும்

சென்ற வியாழக்கிழமை காலை, திருப்பரங்குன்றத்தில் ஒரு குழந்தையின் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. சுலோச்சனா அக்காவின் தம்பி. "அண்ணே, அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க. வில்லாபுரம் வீட்டுக்கு வாங்க" என்றார். "வாரேன்" என்று சொல்லிவிட்டு, அரைமணி நேரம் அந்தத் தெருவிலேயே நின்றிருந்தேன். எதிரில் வந்தவர்களிடம் வீட்டு எண்ணை வேறு விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் வேலையைச் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அலுவலகம் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு வெளிநாட்டில் ஆதரவாளர்களைத் தேடித்தரும். பிள்ளைகள் அவர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். அதை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புவது அக்காவும் நானும். அக்காவுக்கு வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், கடிதத்தில் ஆங்கிலம். "மூணு பாஷையிலயும் வைவேன், உனக்கு எதுல வேணும்?" என்று கேட்பார். எனக்குப் பெரும்பாலும் தமிழில்தான் கிடைத்தது.

ஒருமுறை ஒரே பள்ளியிலிருந்து வந்த கடிதங்கள் அத்தனையும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. எல்லாவற்றிலும் 'எங்கள் ஊரில் நல்ல மழை' என்றிருந்தது. அந்த ஆண்டு மதுரையில் மழை எங்கே பெய்தது? அக்கா கட்டாகத் திருப்பி அனுப்பிவிட்டார். "இது பிள்ளைக எழுதுனது இல்ல, கரும்பலகை எழுதுனது" என்றார். மேலாளர் குதித்தார். மதியம் அவருக்கும் ஒரு கரண்டி புளியோதரை வைத்துவிட்டு, தன் முடிவில் அப்படியே இருந்தார் அக்கா.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். சேர்க்கைப் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு: 'வளர்ந்ததும் என்னவாக ஆசை?' பிள்ளைகள் அதைக் காலியாக விட்டாலோ, ஏதாவது சின்ன வேலையை எழுதியிருந்தாலோ, ஆங்கிலத்தில் 'டாக்டர்' என்று போட்டுவிடுவது என் வழக்கம். அதைப் படிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் மனம் இளகும், உடனே ஆதரவு கிடைக்கும் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் இல்லை. சோம்பல் கொஞ்சம் இருந்தது.

ஆனையூர்ப் பக்கத்துப் பிள்ளை முத்துமாரி. வயல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்து பிறகு கட்டட வேலைக்கு வந்த குடும்பம். எட்டு வயதில் எங்களிடம் சேர்ந்தாள். அவளுடைய ஆதரவாளர் ஓர் அம்மையார். ஒவ்வொரு கடிதத்தையும் 'என் குட்டி டாக்டருக்கு' என்றே தொடங்குவார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த வாரம் முத்துமாரியின் அம்மா அலுவலகத்துக்கு வந்தார்.

"மேடம், இவ பள்ளிக்கூடமே போகமாட்டேங்குறா. அறிவியல்ல இம்புட்டூண்டு மார்க்க வச்சுக்கிட்டு டாக்டராக முடியாதாம். அந்தம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு அழுவுறா. உங்க லிஸ்ட்லருந்து இவ பேர எடுத்துருங்க."

அக்கா பழைய கோப்பைத் திறந்தார். முதல் படிவத்தில் பென்சிலால், கோணல் எழுத்தில், 'பஸ் கண்டக்டர்' என்றிருந்தது. அதனுடன் இணைத்த ஆங்கிலத் தாளில், என் எழுத்தில், 'டாக்டர்'. அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"வண்டிய எடு தம்பி."

அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் முத்துமாரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்கா படிவத்தை அவள் மடியில் வைத்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத நானா எழுதுனேன்?" என்றாள்.

"நீதான். டாக்டர்னு எழுதுனது இந்தா நிக்கிறாரே, இவரு."

"தப்புதாம்மா, மன்னிச்சிரு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. அக்காவிடம் கேட்டாள்: "அப்ப நான் யாரையும் ஏமாத்தலையா?"

ஏழு வருடம் அந்தப் பிள்ளை இதைச் சுமந்திருக்கிறது. அக்கா அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "சோறு குடுக்கலாம், சட்டை குடுக்கலாம், பீஸ் கட்டலாம். ஆசைய மட்டும் அதுகளே வச்சுக்கிடட்டும் தம்பி" என்றார்.

அன்றே அம்மையாருக்கு நடந்ததை நடந்தபடி எழுதினார். ஆதரவு நின்றுவிடுமோ என்று நான் பயந்தேன். முத்துமாரி எதைப் படித்தாலும் உதவுவேன் என்று பதில் வந்தது. கடைசி வரி எங்களுக்கு: 'எட்டு வயதில் அவள் சொன்னதை ஏன் என்னிடமிருந்து மறைத்தீர்கள்?' அக்கா அந்த வரியை எனக்காக இரண்டு தடவை சத்தமாகப் படித்தார்.

முத்துமாரி பள்ளிக்குத் திரும்பினாள். கண்டக்டர் ஆசையும் பிறகு போய்விட்டது, ஆனால் அது அவளாக விட்டது. இப்போது கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். வியாழக்கிழமை வில்லாபுரத்தில் அக்காவின் காலடியில் உட்கார்ந்து எங்கள் எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் அவள்தான். எனக்கும் அழுகை வந்தது. அக்கா இல்லாத அலுவலகத்தை நினைக்கவே பயமாக இருந்தது.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, அந்தக் கட்டத்தில் கை வைக்காமல் இருப்பது. திங்கட்கிழமை மேஜையில் ஒரு புதிய படிவம் இருந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, என்னவாக ஆசை என்ற இடத்தில் 'இன்னும் தெரியலை' என்று எழுதியிருந்தாள். எதையும் மாற்றாமல் அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்.