ஜெசிந்தா கையெழுத்து வைக்காத விலக்கு மனு

எழுத்து எனக்குச் சரிவராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பெயர்கள் மறந்துபோகின்றன, எது முந்தி எது பிந்தி என்பதும் குழம்புகிறது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். மிசன் வீட்டு ஒபிசுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள், "அந்த விலக்கு வேலையை எப்பிடிச் செய்தனீங்கள், எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

1. குசினியிலிருந்து வந்த வேலை

நான் கோயில் பாதர் இருக்கும் மிசன் வீட்டின் குசினியில் சமையல்காரி. சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கோயிலுக்குக் கூரை இல்லை. ஞானஸ்நானப் புத்தகங்களும் கலியாணப் புத்தகங்களும் வழியிலேயே போய்விட்டன. புதிதாக வந்த பாதருக்கு ஊரில் யார் யாருக்கு என்ன உறவென்று தெரியாது. கலியாணம் எழுத வருகிறவர்களின் அப்பு ஆச்சி, அதாவது பாட்டன் பாட்டி வரைக்கும் வாயால் கேட்டுத்தான் அறியவேண்டும். ஆம்பிளைகள் போய்க் கேட்டால் பெண்கள் "எங்களுக்கு என்ன தெரியும்" என்று விட்டுவிடுவார்கள். "நீங்கள் ஒருக்காப் போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ அம்மா" என்றார் பாதர். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. ஆனால் மீன் வெட்டிக்கொண்டிருக்கும் ஒருத்திக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கதைப்பதென்றால் வரும்.

இதைப் பிள்ளைகள் விளங்கிக்கொள்ள வேண்டும். மாமன் மகனைக் கட்டுவது எங்களுக்கு முறை. சின்னம்மா மகனைக் கட்டினால் ஊர் காறித் துப்பும். கோயிலுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டும் தடை. படி எண்ணிப் பார்ப்பார்கள். பெடியன் ஒன்று, அவன் தகப்பன் இரண்டு, தகப்பனின் தங்கச்சி மூன்று, அவள் மகள் நாலு. நடுவில் இருக்கும் அப்பு ஆச்சியை எண்ணுவதில்லை. நாலாம் படி என்றால் மேலிடத்துக்கு எழுதி விலக்கு எடுக்கவேண்டும். "இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தடையைத் தளர்த்துங்கள்" என்று கேட்டு வாங்கும் அனுமதிதான் விலக்கு.

சும்மா தரமாட்டார்கள். காரணம் எழுதவேண்டும். எழுதுகிற காரணங்களும் காலங்காலமாக உள்ளவைதான். பெண்ணுக்கு வயது போய்விட்டது. சீதனம் இல்லை. தகப்பன் இல்லை. ஊர் சின்னது. நான் வீட்டில் தாய்மாரிடம் கேட்டு வந்து சொல்லுவேன், பாதர் ஃபோமில் எழுதுவார். பெண்ணை யாரும் கேட்பதில்லை. அவள் கடைசியில் வந்து கையெழுத்து வைப்பாள்.

2. ஜெசிந்தா

ஜெசிந்தாவுக்கு அப்போது முப்பத்திநாலு வயது. தகப்பன் இல்லை. கடற்கரையில் நண்டு வாங்கும் கொட்டிலான வாடியில் வேலை செய்து இரண்டு தம்பிமாரையும் ஆளாக்கினவள். அவளுக்கும் மாமன் மகன் அன்ரனுக்கும் பேசி முடிந்திருந்தது. அன்ரனின் தாய்க்கு மட்டும் மனம் இல்லை. தவக்காலம் தொடங்கினால் கோயிலில் கலியாணம் கிடையாது, ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்த மனுசி எல்லாவற்றையும் குழப்பிவிடும் என்று ஜெசிந்தாவின் தாய் ரெஜினாவுக்குப் பயம்.

கோயில் மூப்பர் மிசன் வீட்டுக் கதிரையில் இருந்து காரணம் சொல்லச் சொல்லப் பாதர் எழுதினார். வயது கடந்தவள், தகப்பனற்றவள், சீதனமற்றவள், வேறு வரன் வர வாய்ப்பில்லாதவள். ஜெசிந்தா வந்தாள். நின்றபடியே வாசித்தாள். பேனையை மூடி மேசையில் வைத்தாள்.

"இது நான் இல்லை பாதர்" என்றாள். போய்விட்டாள்.

மூப்பருக்குக் கோபம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "பிலோமினா, நீ போய் அவளுக்கு விளங்கப்படுத்து. உது வெறும் எழுத்து. ஆர் வாசிக்கப் போகினம்?"

நான் வாடிக்குப் போனேன். ஜெசிந்தா நண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தாய் அழுதபடி நின்றார்.

"பிலோமினாக்கா, சொல்லுங்கோ இவளுக்கு. ஒரு கையெழுத்துத்தானே!"

"மாமி, வழக்கமா எழுதுற காரணமெல்லாம் என்னென்ன?" என்று ஜெசிந்தா என்னைக் கேட்டாள். நான் நாலையும் சொன்னேன்.

"மூண்டு என்ர தலையிலை. ஒண்டுதான் ஊரின்ர தலையிலை. ஊர் சின்னது எண்டு எழுதச் சொல்லுங்கோ. என்ர வயதுப் பெடியள் எத்தினை பேர் இஞ்சை மிச்சம்? அது என்ர குறையோ மாமி?"

ரெஜினா அழுகையை நிறுத்திவிட்டார்.

"இன்னொண்டு. எனக்கு அவனிலை விருப்பம். அதையும் எழுதச் சொல்லுங்கோ."

விளங்கப்படுத்தப் போனவள் வெறுங்கையோடு திரும்பினேன். வழக்கமாகக் குசினிக் கதவோடு நின்றுதான் கதைப்பேன். அன்றைக்குப் பாதரின் மேசை வரைக்கும் போய், அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"விருப்பத்துக்கு ஆர் விலக்குத் தருவினம்?" என்று மூப்பர் சிரித்தார்.

"விருப்பமில்லாமல் கேட்டால் தருவினமோ?"

என் வாயிலிருந்துதான் வந்தது. அவ்விடத்தை விட்டு அசையவில்லை.

பாதர் பழைய ஃபோமைத் திருப்பிப் பார்த்தார். "அம்மா, இவ்வளவு மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பக்கூடும்" என்றார்.

"அனுப்பட்டும் பாதர்."

அவர் புது ஃபோம் எடுத்தார்.

3. திரும்பி வந்தது

ஜெசிந்தா கையெழுத்து வைத்த அந்தப் புது ஃபோமைத் திருப்பித்தான் அனுப்பினார்கள். வேறு காரணம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். தவக்காலமும் தொடங்கிவிட்டது. மூப்பர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினார். "சமையல்காரி சட்டம் படிப்பிக்கிறா" என்று ஊரில் கதை. ரெஜினா என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். அதுதான் எனக்குக் கூடுதலாக நொந்தது.

பயந்தது போலவே அன்ரனின் தாய் மிசன் வாசலுக்கு வந்தார். ஜெசிந்தாவும் அன்ரனும் பாதரோடு அங்கே நின்றார்கள்.

"முப்பத்திநாலு வயதிலை இந்தக் கொழுப்போ உனக்கு?"

"கொழுப்பில்லாமல் உங்கட வீட்டுக்கு வந்து எப்பிடி மாமி சீவிக்கிறது?"

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்ரன் தாயின் பக்கம் பார்க்கவில்லை. "பாதர், அவள் சொல்லி எழுதினதையே திரும்ப எழுதுங்கோ. எனக்கும் அவளிலை விருப்பம் எண்டு சேர்த்து எழுதுங்கோ. ஈஸ்டர் என்ன, நத்தார்ப் பண்டிகை வரைக்கும் எண்டாலும் காத்து நிப்பன்" என்றான்.

பாதர் அப்படியே எழுதினார். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். ஈஸ்டர் கழிந்து விலக்கு வந்தது. ஓலைப் பந்தலில் கலியாணம் நடந்தது. ரெஜினா எனக்குப் பலகாரம் கொண்டுவந்து தந்தார்.

பிள்ளைகளே, நான் இந்த வேலையில் கண்டது ஒன்றுதான். காரணத்தைத் தாயிடம் கேட்காதேயுங்கள், மூப்பரிடம் கேட்காதேயுங்கள். கட்டப்போகிற பெண்ணைக் கேளுங்கள். அவளுக்குப் பிடிக்காத சொல்லை அவள் பேரில் எழுதவேண்டாம். தாமதமாகும், ஏச்சு விழும். விழட்டும்.

படி எண்ணும் கணக்கை நான் பிழையாகச் சொல்லியிருக்கக்கூடும், இப்போது சட்டமும் மாறியிருக்கலாம். பாதர்மார் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். ஜெசிந்தா சொன்னதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.