முழுக்கைச் சட்டை போட்ட ஒரே ஆள்

துணி இல்லாதவங்க நடுவுல துணியோட வேலை பார்க்கிறவனுக்கு வர்ற தொழில் நோய் கழுத்து வலி. எங்கே பார்க்கிறதுன்னு தெரியாம நாள் முழுக்க மேலேயே பார்த்துக்கிட்டு நடந்தா வேற என்ன வரும்? கோடை சீசன்ல ஹோட்டல், கடை, ஏர்போர்ட்னு கஸ்டமர்கிட்ட மாட்டிக்கிட்டு முழிச்ச என் இனத்து மக்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுறேன். நீங்க உங்க கஸ்டமரோட சட்டைக் காலரைப் பிடிக்கலாமான்னு ஒரு நாளாவது நினைச்சிருப்பீங்க. எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

கூரையைப் பார்த்த ஆள்

நியூசிலாந்துல, ஆக்லாந்துக்கு மேற்கே, காடு முடிஞ்சு கறுப்பு மணல் பீச் ஆரம்பிக்கிற இடத்துல அந்த ஹாலிடே பார்க் இருக்கு. கேட்டைத் தாண்டினா யாரும் துணி போட மாட்டாங்க. தெரிஞ்சேதான் வேலை கேட்டுப் போனேன். ஒனிஹங்கால நான் இருந்த ஃபேக்டரியை மூடிட்டாங்க, வீட்டு மார்ட்கேஜ் மூடலையே.

மேனேஜர் ஹீதருக்கு அறுபது வயசு இருக்கும். தலையில தொப்பி, மூக்குல கண்ணாடி, கழுத்துல சாவிக்கொத்து. அவ்வளவுதான். கை குடுத்தாங்க. நான் கையைக் குடுத்துட்டு, கண்ணைத் தூக்கி சீலிங்ல வச்சேன். அவங்க கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சீலிங்கைப் பார்த்தே பதில் சொன்னேன். பாலிடெக்னிக்ல என்ன படிச்சேன், பம்ப் ரிப்பேர் தெரியுமா, எல்லாத்துக்கும். கடைசியில அவங்களும் மேலே பார்த்துட்டு சொன்னாங்க: "கூரை ஒழுகுறதை வந்து உட்கார்ந்ததும் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதான். எப்போ வேலைக்கு வரீங்க?"

திருப்பூர்க்காரன்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிடணும். எனக்குப் பதினஞ்சு வயசுல ரெண்டு கையிலயும் வெண்புள்ளி வந்துச்சு. ஒட்டாது, வலிக்காது, ஒண்ணும் பண்ணாது. ஆனா பார்க்கிறவங்க முகம் என்னமோ பண்ணும். டீக்கடையில எனக்கு மட்டும் தனி கிளாஸ் எடுப்பாங்க. அப்போ போட்ட முழுக்கைச் சட்டையை நான் கழட்டவே இல்லை. பகல்ல பனியன் கம்பெனி, ராத்திரி பாலிடெக்னிக், கல்யாணம், நியூசிலாந்து, எல்லாத்துக்கும் மணிக்கட்டு வரைக்கும் பட்டன்.

போன குளிர்காலத்துல என் பொண்ணு நித்யாவுக்கு முட்டியில ஒரு புள்ளி வந்துச்சு. பன்னெண்டு வயசு, மீன் மாதிரி நீந்துவா. அன்னைக்கு ஆரம்பிச்சு லெக்கிங்ஸ்தான், வீட்டுக்குள்ளயும். லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்ததும் வர்ற ஸ்விம்மிங் ஸ்போர்ட்ஸ்ல பேர் குடுக்க மாட்டேன்னுட்டா. ஊர்ல இருந்து மச்சினி வாட்ஸ்அப்ல, "பொம்பளைப் பிள்ளை, மூடியே வைங்க"ன்னு அட்வைஸ். "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, தைரியமா போ"ன்னு நான் சொன்னேன். அவ என் முகத்தைப் பார்க்கலை. என் சட்டைக் கையைப் பார்த்தா.

இந்த நிலைமையிலதான் என் வீட்டுக்காரி செல்விகிட்ட புது வேலையைப் பத்திச் சொன்னேன். அவ சிரிச்சு முடிக்கவே நேரமாச்சு. முடிச்சுட்டு சொன்னா: "ஊருக்கெல்லாம் பனியன் தச்ச திருப்பூர்க்காரன் கடைசியில போய்ச் சேர்ற இடத்தைப் பாரு."

நாளைக்கு என்ன உடையும்?

இங்கே கிறிஸ்துமஸ் வர்றதே கோடையிலதான். அது முடிஞ்சதும் கூட்டம் கொட்டுச்சு. டென்ட், கேரவன், பார்பிக்யூ முன்னாடி நீள க்யூ. சாஸேஜ் புரட்டுறவர் மட்டும் ஏப்ரன் கட்டியிருப்பார், எண்ணெய் தெறிக்கும்ல. எனக்குப் பிரமிப்பா இருந்தது வேற. நம்ம ஊர்ல ஒருத்தன் தெருவுல வரும்போதே, வேட்டியையும் செருப்பையும் பார்த்து எந்த அளவுக்கு எந்திரிக்கணும்னு முடிவு பண்ணிடுவோம். இங்கே ஒண்ணுமே கண்டுபிடிக்க முடியலை. எல்லார் தோள்லயும் ஒரு துண்டு. உட்கார்ற இடத்துல அதைப் போட்டுத்தான் உட்காரணும், அதுதான் சட்டம். துண்டை வச்சு யாரை எடை போடுறது?

ஒரு நாள் ஷவர் பிளாக்ல பைப் உடைஞ்சு தண்ணி பீச்சி அடிக்குது. பக்கத்துல நின்ன ஒரு பெரியவரைக் கூப்பிட்டு பைப்பை அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். "ஆட்டாதீங்க. இன்னும் கீழே. விட்டுறாதீங்க"ன்னு ரொம்ப நேரம் அதட்டிக்கிட்டே இருந்தேன். பாவம், பொம்மை மாதிரி நின்னார். அவர் நீதிபதின்னு ஹீதர் அப்புறம்தான் சொன்னாங்க. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையைத் துவட்டிக்கிட்டே கேட்டார்: "ஒரு மணி நேரம் யாரும் என்கிட்ட தீர்ப்பு கேட்கலை. நாளைக்கும் ஏதாவது உடையுமா?"

சிவா அண்ணன்

அந்தப் பைப்பைச் சரி பண்ண வந்த பிளம்பர் வேனை விட்டு இறங்கினார். பார்த்தா, மனுரேவா ஏரியாவுல இருக்கிற நம்ம சிவா அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். கோயில்ல எனக்குப் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுறவர்.

"ஐயோ, நீரோ! இஞ்ச என்ன செய்யிறீர்?"

"வேலை அண்ணே. சத்தியமா வேலைதான்."

"எனக்கும் வேலைதான். கோயில்ல ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும்."

"நீங்க சொல்லாட்டி நானும் சொல்ல மாட்டேன்."

ரெண்டு பேரும் குனிஞ்சு பைப்பைப் பார்த்தபடியே வேலையை முடிச்சோம். அவ்வளவு பக்தியா நாங்க சாமியைக் கூடப் பார்த்ததில்லை. வெயில் கொளுத்துது. அவர் டீ ஷர்ட்டைக் கழட்டி வேன்ல எறிஞ்சுட்டார். நான் பட்டனைத் தொடலை. கிளம்புறப்ப என் முழுக்கைச் சட்டையை மேலே கீழே பார்த்துட்டு சொன்னார்: "ஒருத்தரும் உடுப்புப் போடாத இடத்தில, எல்லாருக்கும் சேர்த்து நீர் ஒராளே போட்டிருக்கிறீர்."

பாக்கெட்

ரான்னு ஒரு தாத்தா. பார்க்ல இருக்கிற நீச்சல் குளத்துக்கு தினமும் வர்றதுல முதல் ஆள். பெரிய ஆபரேஷன் நடந்து, வயித்துல ஓட்டை போட்டு ஒரு பை ஒட்டியிருந்தாங்க. கழிவு அதுலதான் சேரும். அதுக்கு மேல அவர் சம்சாரம் பூப்போட்ட துணியில ஒரு உறை தச்சுக் குடுத்திருந்தாங்க. குளத்தைச் சுத்தித் தேடினா உடம்புல இருந்த துணி அது ஒண்ணுதான், என் சட்டையைத் தவிர.

நம்ம ஆளுங்க இதை எங்கே வச்சு மறைப்பாங்கன்னு யோசிச்சேன். வீட்டை விட்டே வெளியே வர மாட்டாங்க. இந்த மனுஷன் பட்டப்பகல்ல, அத்தனை பேர் நடுவுல, நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்கிறார். நான் கண்ணை எடுக்காம பார்த்துட்டேன் போல. அந்த சீசன்ல நான் ஒருத்தரை நேரா பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் பையைத் தட்டிக் காட்டினார்: "பொறாமைப்படாதீங்க. இங்கே பாக்கெட் வச்சிருக்கிறது நான் மட்டும்தான்."

குளோரின்

சீசன் உச்சத்துல ஒரு மத்தியானம், பம்ப் ரூம்ல குளோரின் கேன் கை நழுவி, ரெண்டு சட்டைக் கையிலயும் கொட்டிடுச்சு. வெளியே ஓடி வந்தேன். ஹீதர் தூரத்துல இருந்தே கத்துறாங்க, "சட்டையைக் கழட்டுங்க! ஷவருக்கு அடியில போங்க!"

உள்ளே தோல் எரியுது. கை பட்டனுக்குப் போக மாட்டேங்குது. எதிரே குளத்தைச் சுத்தி அவ்வளவு பேர். சிரிக்காதீங்க, மொத்தக் கூட்டமும் ஒண்ணுமே இல்லாம நிக்குது, நான் ஒரு சட்டைக்கு யோசிக்கிறேன். ஹீதர் வந்து பட்டனைப் பிச்சே எடுத்துட்டாங்க.

தண்ணிக்கு அடியில கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். டீக்கடை கிளாஸ் ஞாபகம் வந்துச்சு. இப்போ எல்லாரும் பார்ப்பாங்க, இப்போ எல்லாரும் பார்ப்பாங்கன்னு காத்திருந்தேன். கண்ணைத் திறந்தா ஒருத்தர் கூடப் பார்க்கலை. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்சதும் அவங்க அவங்க குறுக்கெழுத்து, சாண்ட்விச்சுன்னு திரும்பிட்டாங்க. முப்பது வருஷமா நான் ஒளிச்சு வச்சதைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

ரான் மட்டும் எழுந்து வந்தார். கையைப் பார்த்தார். டாக்டர் பார்க்கிற மாதிரி இல்லை, மெக்கானிக் பார்க்கிற மாதிரி. எரிச்சல் அடங்கிடுச்சான்னு கேட்டுட்டு, ஒரு சன்ஸ்கிரீன் டியூபை என் கையில வச்சார்: "வெள்ளையா இருக்கிற இடம்தான் முதல்ல வெயில்ல வெந்து போகும். நாளையில இருந்து நல்லா அப்பிக்கோங்க."

அன்னாசி

வீட்டுக்குப் போக சட்டை இல்லை. துணியே போடாத இடத்துல, தொலைஞ்சு போன துணி மட்டும் ஒரு பெட்டி நிறைய இருந்துச்சு. யாரும் தேடி வந்ததில்லையாம். ஹீதர் கிளறி ஒண்ணை எடுத்துக் குடுத்தாங்க. மஞ்சள்ல அன்னாசிப்பழம் போட்ட அரைக்கைச் சட்டை.

எங்க தெருமுனை டெய்ரியில காரை நிறுத்தினேன், பால் வாங்கணும்னு. இங்கே பெட்டிக்கடைக்குப் பேரு டெய்ரி. கொஞ்ச நேரம் காருக்குள்ளயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இறங்கினேன். கடைக்காரர் என் கையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பாலைக் குடுத்தார். அவ்வளவுதான்.

வீட்டுல கதவைத் திறந்தது நித்யா. அன்னாசியைப் பார்த்து சிரிக்கப் போனவ, என் கையைப் பார்த்துட்டு நிறுத்திட்டா. அவ பொறந்ததுல இருந்து நான் வீட்டுக்கு வெளியே அப்படி வந்து நின்னதே இல்லை. "எங்கே போயிட்டு வரீங்க, இப்படியே?"ன்னா.

"டெய்ரிக்கு."

"எல்லாரும் பார்த்தாங்களா?"

"கடைக்காரர் பார்த்தார். அப்புறம் பாலைக் குடுத்தார்."

இந்தத் தடவை நான் தைரியம் சொல்லலை.

சனிக்கிழமை மூணு பேரும் பீச்சுக்குப் போனோம். எல்லாரும் துணி போடுற சாதாரண பீச்தான், பயப்படாதீங்க. நான் அன்னாசிச் சட்டையையும் கழட்டி வச்சுட்டு, ரான் குடுத்த டியூபை எடுத்து அப்பிக்கிட்டேன். நித்யா லெக்கிங்ஸோட மணல்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தா. "அப்பா, முழங்கையை மிஸ் பண்ணிட்டீங்க, டர்ன் அரவுண்ட்"னு எழுந்து வந்து அவளே தேய்ச்சு விட்டா. புள்ளி புள்ளியா, ஒண்ணு விடாம. அப்புறம் நித்யா, செல்வியோட பையில இருந்த தன் ஸ்விம் சூட்டை எடுத்துக்கிட்டு கழிப்பறைப் பக்கம் போய் மாத்திட்டு வந்தா. அந்த முட்டியை நான் பல மாசமா பார்க்கலை. செல்வி அலையைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டா. நித்யா என் எதிர்ல வந்து கையை நீட்டினா: "டியூபை முழுசா காலி பண்ணாதீங்கப்பா, என் முட்டிக்கு வேணும், ஸ்விம்மிங் ஸ்போர்ட்ஸ் அன்னைக்கும் வேணும்."

ஆக, துணியே இல்லாத இடத்துல ஒரு சீசன் பூரா உழைச்சு இந்தத் திருப்பூர்க்காரன் வீட்டுக்குக் கொண்டு வந்த லாபம், யாரோ தொலைச்ச ஒரு அரைக்கைச் சட்டை.