ஹாரன் அடித்தால் பெட்டியில் மீன் இருக்கணும்

தெருவில் மீன் விற்கிறவனுக்குச் சரக்கு பாதி, ஹாரன் பாதி. கீரைக்காரர், பூக்காரம்மா என்று தெருவை நம்பிப் பிழைக்கிற நம்ம எல்லாருக்கும் இது தெரியும். ஒரு கதவு திறக்கிறதுக்குள்ளே தொண்டைத் தண்ணி வற்றிப் போகும். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மொபெட்டுக்குப் பின்னால் மீன்பெட்டி, கைப்பிடியில் ரப்பர் பந்தை அமுக்கினால் 'பாம் பாம்' என்கிற பித்தளை ஹாரன், இவ்வளவுதான் என் கடை. மில்லர்புரத்தில் நாலு தெரு அந்தச் சத்தத்துக்குக் கதவைத் திறக்கும்.

டீச்சர் வீட்டுப் பூனை

எஸ்தர் டீச்சர் நாசரேத்துக்காரர். ரிட்டயர் ஆகி, வீட்டுக்காரரோடு இங்கே இருக்கிறார். அவர் வீட்டுப் பூனை முதலில் மீனைக் கண்டால்தான் வாலைத் தூக்கும். கொஞ்ச நாளில் ஹாரனைக் கேட்டாலே ஓடி வந்தது. அப்புறம் ஹாரன்கூட வேண்டாம், மொபெட் முனை திரும்புகிற சத்தத்துக்கே மதில்மேல் உட்கார்ந்து மூக்கை நக்கும். டீச்சர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல மணியடிச்சும் ஒரு பிள்ளை இப்படி ஓடி வந்ததில்ல, அண்ணாச்சி."

பாட்டு ஹாரன்

ஒருமுறை ரப்பர் கிழிந்துவிட்டது. மெக்கானிக் ஆசை காட்டினான் என்று பாட்டுப் பாடுகிற பேட்டரி ஹாரன் ஒன்றை மாட்டிக்கொண்டு போனேன். அமுக்கினதும் தெரு முழுக்கக் கதவு திறந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பார்த்தால், ஒருத்தர் கையிலும் சட்டி இல்லை. எல்லார் கையிலும் குப்பை வாளி. குப்பை வண்டியிலும் அதே பாட்டாம்! அன்றைக்கே பழைய ஹாரனுக்கு ரப்பர் தேடி ஊரெல்லாம் அலைந்தேன். ஏரலிலிருந்து வாக்கப்பட்டு வந்த அம்மா ஒருத்தி வாளியை இறக்காமலே கேட்டாள். "மீனா? நாங்க மூக்கைப் பொத்திக்கிட்டுல்லா வந்தோம்?"

சாருடைய கால்

டீச்சர் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லாரும் சார் என்போம். அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது, பேச்சும் குழறிப் போனது. தினமும் நடக்கணும், இல்லாவிட்டால் கால் அப்படியே நின்றுபோகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனுசன் கட்டிலை விட்டு இறங்கவில்லை. டீச்சர் கெஞ்சினார், சென்னையிலிருந்து மகன் போனில் சத்தம் போட்டான், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஹாரன் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கி வாசலைப் பார்க்கிறாராம். பின்னே, இத்தனை வருசமாகப் பெட்டிக்குள் கைவிட்டு மீன் பொறுக்கினது அவர்தானே.

இனிமேல் நீங்கள் வாங்காதீங்க டீச்சர், சாரே வந்து எடுக்கட்டும் என்றேன். நாலாம் நாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு நல்ல விளமீனைக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு வீடு தள்ளி வண்டியை நிறுத்தினேன், அதற்கடுத்த வாரம் ரெண்டு வீடு. சார் முறைப்பார், ஆனாலும் வருவார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "மருந்துக்கு எந்திரிக்காதவரு, மீனுக்கு எந்திரிச்சிட்டாரு."

வெறும் பெட்டி

காலிப் பெட்டியோடு ஹாரன் அடிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அதை நானே மீறினேன். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. காற்று வேறு அடித்துச் சின்ன வள்ளமும் போகவில்லை. சாருடைய நடை நின்றுவிடக் கூடாதே என்று, மீன் இல்லாமலே போய் அடித்தேன். வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், திரும்பிப் போனார். மறுநாளும் அதே கூத்து. மூன்றாம் நாள் அவர் வரவில்லை. நாலாம் நாள் மீனோடு போனேன், அன்றைக்கும் வரவில்லை. டீச்சர்தான் வந்தார். "இப்பல்லாம் ஹாரன் கேட்டா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடுதாரு, அண்ணாச்சி."

மருந்துக்கடை முனை

ஒருத்தரைப் பிடித்து நடக்க வைத்து, நானே படுக்க வைத்துவிட்டேனே! திரும்பவும் கேட்டிலிருந்தே தொடங்கினேன். கிடைத்தது ரெண்டே ரெண்டு சாளை மீன் என்றாலும் அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் சாருக்கென்று ஒதுக்கினேன். மீன் இல்லாத நாளில் அந்தத் தெருப்பக்கமே தலை வைக்கவில்லை. ஒரு வாரம் டீச்சரே வாங்கிப் பொரித்துக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் கேட்டில் நடைவண்டி தெரிந்தது. ஹாரன் பந்தை இன்னொரு தடவை அமுக்கினேன்.

மறுபடி ஒரு வீடு, ரெண்டு வீடு. மழைக்காலம் வருவதற்குள் தெருக்கோடி மருந்துக்கடைக்கே வந்துவிட்டார், கம்பு ஒன்றை மட்டும் ஊன்றிக்கொண்டு. விடியக்காலம் வள்ளத்தில் வந்த ஊளி மீன், செவுள் ரத்தமாகச் சிவந்து கிடக்கிறது. சார் விரலை விட்டு நோண்டினார், முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார். அப்புறம் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, குழறாத வாயால் சொன்னார். "இந்த நேத்து மீனுக்கா வே என்னை இவ்வளவு தூரம் நடக்க வச்சீரு?"

டாக்டர் ஃபீஸ் வாங்கிக்கொண்டு நட என்கிறார், நான் மீனையும் கொடுத்து ஏச்சும் வாங்கி நடக்க வைத்திருக்கிறேன் என்றால், எங்கள் ரெண்டு பேரில் யார் பெரிய வைத்தியர் என்று நீங்களே சொல்லுங்கள்.