நான் படிக்காமல் விட்ட ஒரு வரி

மூன்று வருடங்களுக்கு முன், ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் இருக்கும்போது, திருத்தணியில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நடந்தது இது. நான் அப்போது ஊரில் நாலைந்து இடங்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தைய ஆடியில்தான் அந்த மருத்துவமனைக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருந்தேன். கீழே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முடிவைப் பதிவு செய்தால், மாடியில் நர்ஸ்கள் வைத்திருக்கும் டேப்லெட்டில் உடனே தெரியும். நோயாளிகளின் விவரம் என்பதால் இடையில் யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் தேவை. வெளியுலக இணையதளங்களுக்கு அதை வழங்கவென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. கட்டடத்துக்குள்ளேயே ஓடும் கம்ப்யூட்டருக்கு நாமே தயாரித்து, நாமே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். இணையத்தில் யாரோ எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட் ஒன்றை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகளின் தொகுப்பை, எடுத்துக் கறுப்புத் திரையில் ஓட்டினேன். பெயரும் முகவரியும் கேட்டது, கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் சான்றிதழ் தயார். அது எத்தனை நாள் செல்லும் என்று குறிக்கும் வரியில் 365 என்று இருந்திருக்கிறது. அந்த வரியை நான் படிக்கவே இல்லை.

பரிசோதனைக் கூடத்தில் இருந்த அக்கா பள்ளிப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். முடிவு மோசமாக இருந்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு மாடிக்குப் போன் செய்வது அவர் வழக்கம்.

"இனிமே போனெல்லாம் வேணாம்க்கா. பச்சை டிக் வந்துட்டா மேல போயிடுச்சுன்னு அர்த்தம்" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

"ஆங், சரிம்மா" என்றார்.

ஒரு வருடம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அன்று காலை, திருவாலங்காடு பக்கம் கரும்பு வெட்டும் ஒருவரை வாந்தியும் தளர்ச்சியுமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அவர் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. அக்கா உடனே பதிவு செய்தார். பச்சை டிக் வந்தது. ஆனால் அதற்குச் சற்று முன்னால்தான் சான்றிதழின் கெடு முடிந்திருந்தது. கெடு முடிந்த சான்றிதழை ஏற்காமல் டேப்லெட் புது முடிவுகளை வாங்குவதை நிறுத்திவிட்டது; பச்சை டிக் கீழே பதிவானதை மட்டுமே காட்டியது. மாடியிலிருந்த டேப்லெட் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் பழைய பட்டியலையே காட்டிக்கொண்டிருந்தது. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று நர்ஸ்கள் நினைத்தார்கள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று அக்கா நினைத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் ஒரு நர்ஸ் கீழே இறங்கி வந்து கேட்டிருக்கிறார்.

எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அந்த நோயாளியைச் சென்னைக்கு அனுப்ப ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ரிப்போர்ட் வரல, ரிப்போர்ட் வரலன்னே சொல்லிகினு இருந்தாங்க" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டு நின்றார்.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினேன். இந்த முறை பத்து வருடத்துக்கு. "என்ன ஆச்சு?" என்று மேனேஜர் கேட்டபோது, "சின்ன நெட்வொர்க் பிரச்சினை சார், சரி பண்ணிட்டேன்" என்றேன்.

மூன்றாம் நாள் அந்தக் கரும்பு வெட்டுபவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். முன்பே ரிப்போர்ட்டைப் பார்த்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அந்த மருத்துவமனையை நடத்தும் டாக்டர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் சும்மா இருந்துவிட்டேன். அடுத்த மாதம் பிரிண்டர் பார்க்கப் போனபோது அக்காவின் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். மோசமான முடிவைப் போனில் சொல்லவில்லை என்று அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அடுத்த பொங்கல் கழிந்து, இதற்கு மேல் முடியாது என்று தோன்றிய ஒருநாள் பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா ஒரு விசைத்தறி வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் தெருவுக்கு வந்தோம். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"நான் வேற எதையோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன்மா. என் கையாலதான் அந்த ஆளு போயிட்டான்னு. இத்தினி நாளா கண்ணு மூடினா அதான்."

"தப்பு உங்களோடது இல்லக்கா, என்னோடது" என்றேன்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? போய் அங்க சொல்லு" என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அத்தோடு எனக்கு அங்கே வேலை போயிற்று, அது நியாயம்தான். அக்காவைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். கரும்பு வெட்டுபவரின் குடும்பத்துக்கு உண்மையைச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. நானாகப் போய்ச் சொல்லும் தைரியம் இன்றுவரை வரவில்லை.

கவனக்குறைவு யாருக்கும் நேரும் என்று என்னை நானே பலமுறை தேற்றிப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பேசாமல் இருந்த அந்த ஆறு மாதமும் குற்றமே செய்யாத ஒருத்தி தன்னைக் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தாளே, அதற்கு எந்தத் தேறுதலும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.