கவருக்குள் வேர்த்த எலுமிச்சம்பழம்

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

அருள்புரத்தில் ஒரு எலுமிச்சை மண்டியில் பழம் பொறுக்கும் வேலை பார்த்தேன். என்னோடு இன்னொருத்தி, புருஷன் இல்லாதவள். வந்த பழத்தைச் சாக்கு விரித்துப் பரப்புவோம். காம்பு பிய்ந்தது, முள் கீறியது, மழை ஈரத்தோடு பறித்தது எல்லாவற்றையும் ஒதுக்குவோம். தினமும் காலையில் புரட்டிப் பார்த்து, அழுகல் ஒன்று கண்டாலும் எடுத்துவிடுவோம். பழம் வாடாமல் நிற்கும்.

ஒருநாள் முதலாளி மகன், பனியன் மடித்துப் போடும் பாலித்தீன் கவர் மீந்ததைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தான். பழத்தைக் கழுவி, பத்துப் பத்தாகப் போட்டு வாயை ஒட்டச் சொன்னான். மில் விடுதிக்கு அனுப்பவாம்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். அன்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"ஈரத்தோட மூடுனா உள்ளார வேர்க்குமுங்க தம்பி."

"எலுமிச்சம்பழத்துக்கு வேர்க்குதாமா! ஃபேன் மாட்டி உட்றலாமுங்களா ஆத்தா?"

மூட்டை இறக்குகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு நானே கழுவி ஒட்டினேன்; அவள் சாக்கில் கிடந்த மீதிப் பழத்தைப் பொறுக்கினாள்.

ஐந்தாம் நாள் விடுதிக்காரர் கவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். பழமெல்லாம் பச்சைப் பூஞ்சணம். மூக்கைப் பொத்தவேண்டிய நாற்றம்.

முதலாளி மகன் கொஞ்சமும் கூசாமல் என்னோடு பழம் பொறுக்குகிறவளைக் காட்டினான். சாறு பட்டுப் பட்டு அவள் விரலிடுக்கெல்லாம் வெந்து கிடந்தது.

"இவ புண்ணுக் கை பட்டுத்தானுங்க கெட்டுப்போச்சு. ஏம்மா, நாளையிலிருந்து நீ வராத."

அவள் அழவில்லை. கையை முந்தானைக்குள் மறைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிரிக்காத கவர் ஒன்றை எடுத்துக் கிழித்து, விடுதிக்காரர் உள்ளங்கையில் கவிழ்த்தேன். தண்ணீர் ஒழுகியது.

"ஒட்டுனது பூராவும் நானுங்க. அவ ஒண்ணுகூடத் தொடலீங்க. அவ பொறுக்குனது அந்தா சாக்குல கெடக்குது. ஒண்ணு அழுகியிருந்தாக் காட்டுங்க, நாங்க ரெண்டு பேருமே போயிர்றோம்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். விடுதிக்காரர் குனிந்து சாக்கிலிருந்த பழத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எனக்கு இதையே கூடையில போட்டுக் குடுங்க. அந்தம்மாவே பொறுக்கட்டும்."

அதனால் அவள் வேலை தப்பியது. அவளிடம் முதலாளி மகன் வருத்தமென்று ஒரு வார்த்தை? கிடையாது. அடுத்த வாரம் பழத்தைத் துடைத்து உலர்த்தி, கவரில் ஓட்டை குத்தி அடைக்கச் சொன்னான். பழம் கெடாமல் நின்றது. வருகிற வியாபாரிகளிடமெல்லாம், "நம்ம ஐடியாதானுங்க" என்றான்.

ஓட்டை குத்திக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.