மான் நிற்கும் மைதானத்தில் இரண்டுக்கு ஒன்று

உதைபந்தாட்டம் பழக்குகிற தொழிலில் கத்துவது நாங்கள். காது கொடுப்பவை கரையோரக் காகங்கள் மட்டுமே. நீங்கள் நீச்சலோ வயலினோ, பிள்ளைகளுக்கு எதைப் பழக்க முயன்றிருந்தாலும் இது உங்களுக்குப் புதுக் கதையாக இராது. வாருங்கள், பக்கத்தில் இருங்கள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வீதியுமாகக் கிடக்கிற மைதானத்தில் பின்னேரங்களில் சின்னவர்களுக்குப் பழக்குகிறேன். என் பாடம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு மூன்று பேர் சேர்ந்து எதிரியின் கோலுக்குப் போவது எப்படி. பந்து வைத்திருப்பவர் தலையை நிமிர்த்தித் தடுப்பாளரை நோக்கியே போகவேண்டும். அவர் தன்னிடம் வரும்வரை பொறுத்து, வந்ததும் பக்கத்தில் ஓடுபவருக்குக் கொடுக்கவேண்டும். உண்மையான ஆட்டத்தில் இது எடுபடும் என்பதற்கு என்னிடம் ஒரேயொரு சாட்சிதான் இருந்தது. அது பல வருடங்களுக்கு முந்திய ஒரு கோல். புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அதைச் சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்குள் சந்தேகமும் வளர்ந்தது. ஏனென்றால் அந்தக் கோலை நான் பார்க்கவில்லை.

பார்சல் தின்ற மான்

எங்கள் ஊரில் மான்கள் வீதிகளில் நாய்களைப் போலத் திரியும். அந்தக் கோல் விழுந்த அன்று இறுதியாட்டம். இரண்டு பக்கமும் சமம், முடிவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கோட்டுக்கு வெளியே வைத்திருந்த பிள்ளைகளின் சோற்றுப் பார்சல்களை ஒரு கொம்பன் மான் தாளோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது. வென்றாலும் தோற்றாலும் பிள்ளைகள் சாப்பிடவேண்டுமே என்று துரத்தப் போனேன். அது பார்சலைக் கவ்விக்கொண்டு என்னையே சுற்றிச் சுற்றி ஓடியது. முதுகுக்குப் பின்னால் பெரிய சத்தம். திரும்பினால் எங்கள் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள்.

கோல் காக்கிற எங்கள் கோலி ரிஸ்மி, கிண்ணியாப் பொடியன், தன் கோலைத் திறந்தபடி விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தான். நான் கையில் கிழிந்த பார்சல் தாளோடு நின்றேன். என் முகம் அப்போது எப்படி இருந்ததோ தெரியாது. அவன் மூச்சு வாங்க வாங்கச் சொன்னான்: “சேர், நீங்க படிப்பிச்ச மாதிரியேதான்! பொறுத்து நிண்டு, ஆளை இழுத்து, பாஸ், பாஸ், கோல்!”

மச்சானுக்கு ஒரு பாஸ்

இந்த வருடப் பிள்ளைகளுக்கு வருவோம். லிங்கநகர் சசி நல்ல ஓட்டக்காரன். மண் நிரப்பிய போத்தல்களை எல்லையாக வைத்து, இருவர் தாக்க ஒருவர் தடுக்கும் பயிற்சியில் அவனை விட்டேன். பந்தோடு அழகாகப் போனான், தலையை நிமிர்த்தினான், பொறுத்தான். என் நெஞ்சு நிறைந்த நேரத்தில், பக்கத்தில் ஓடிய கூட்டாளியை விட்டுவிட்டு, எதிரே நின்ற தடுப்பாளன் தனுசின் காலுக்கே பந்தைப் பக்குவமாகக் கொடுத்தான்.

விசிலை ஊதினேன். தனுஸ் மற்றப் பக்கத்து ஆள் என்பது தெரியாதா என்று கேட்டேன். சசி கொஞ்சமும் கலங்கவில்லை. “தெரியும் சேர். அவன் என்ர மச்சானெல்லே. வந்ததில இருந்து பாவம், ஒருக்காலும் பந்து கிடைக்கேல்ல.”

வராத தடுப்பாளர்

ஒருநாள் பயிற்சி தொடங்குகிற நேரம் ஒரு மான் மைதானத்தின் நடுவில் வந்து நின்று அசைபோட்டது. துரத்திப் பார்த்தோம், அசையவில்லை. இருக்கட்டும், அதையே தடுப்பாளராக வைத்துப் பழகுவோம் என்றேன். டிலக்சி என்ற பிள்ளை பந்தோடு அதை நோக்கிப் போனாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே அது வரும்வரை பொறுத்தாள். மானும் பொறுத்தது. பொறுத்துப் பொறுத்துக் களைத்தவள் பந்தை மானுக்குப் பக்கத்தால் தட்டிக்கொண்டு கோலை நோக்கி ஓடினாள். நான் விசில் ஊதித் திருப்பி அழைத்தேன். “சேர், சும்மா நிக்கிற ஆளை என்ன செய்யிறது?” என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போயும் அதையே யோசித்தேன். தடுப்பாளர் வருவார் என்ற நம்பிக்கையில் கட்டிய பாடம், அவர் வராவிட்டால் என்னாகும்? இத்தனை காலமும் நான் பழக்கியது பாதிப் பாடமா? சோறும் சரியாக இறங்கவில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, “ஆள் வராவிட்டால் பாஸ் தேவையில்லை, நீயே பந்தோடு போ” என்றேன், பெரிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனைப் போல. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அதைத்தானே நேற்றுச் செய்தனான். நீங்கள்தான் விசில் ஊதினீங்கள்.”

வாப்பாவின் கேள்வி

என்னிடம் பழகுகிற ஆதிலின் வாப்பா நௌபர் தோப்பூர்ச் சந்தையில் மரக்கறி வியாபாரம் செய்பவர். கிண்ணியாவில் வீடு. ஒருநாள் கோட்டோரம் நின்று பயிற்சி முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் வந்தார். “மகன் கோல் போடோணும் சேர். பாஸ் குடுத்தவன்ட பேரை ஆரு கேக்கப்போறா? வாற ஆட்டத்தில பாக்கிறன். சரிவரலண்டா அவன் டியூஷனுக்குப் போகட்டும்.”

ஆதில் பின்னால் நின்று சப்பாத்து நாடாவைக் கட்டி அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த ஒரே பதிலை எடுத்தேன்: அந்தக் கோல். சொல்லும்போதே நாக்குத் தடுமாறியது. போன மாதம்தான் அந்தக் கோலைப் போட்டவன் கட்டாரில் இருந்து அழைத்திருந்தான். பந்து எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்டதற்கு, “கண்ணை மூடிக்கொண்டு அடிச்சனான் சேர்” என்று சிரித்திருந்தான். நௌபர் முழுவதையும் கேட்டுவிட்டு, நீங்கள் கண்ணால் கண்டதா என்றார். இல்லை, எங்கள் கோலி கண்டவர் என்றேன். சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிறவரின் பார்வை ஒன்று பார்த்தார். “கோலி மற்றத் தொங்கல்ல, உங்கட கோலடியில நிண்டவரல்லோ சேர்?”

கடலுக்குப் போன பந்து

அடுத்த ஆட்டம் சீனன்குடாப் பிள்ளைகளோடு. என்ன நடந்தாலும் மைதானத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். இடைவேளைக்குப் பிறகு என் சட்டை நுனியை எதுவோ பிடித்து இழுத்தது. எது என்று எனக்குத் தெரியும். திரும்பவில்லை. தின்னட்டும்.

ஆதிலின் காலில் பந்து. வலப்பக்கம் டிலக்சி, இடப்பக்கம் சசி, எதிரே இரண்டு தடுப்பாளர்கள். ஆதில் தலையை நிமிர்த்தி முதலாமவனை நோக்கியே போனான். பொறுத்தான். இன்னும் பொறுத்தான். தடுப்பாளன் பாய்ந்து வந்ததும் பந்து டிலக்சியிடம் போனது. இரண்டாமவன் அவளிடம் ஓடினான். அவள் பார்க்காதவள் போல இருந்து, பந்தைச் சசிக்குக் குறுக்கே தள்ளினாள். சசிக்கு முன்னால் கோலி மட்டும்தான். ஓங்கி அடித்தான். பந்து கோலுக்கு மேலால் போய், வேலிக்கும் மேலால் போய்க் கடலில் விழுந்தது. நான் துள்ளினேன். கையை விரித்துக்கொண்டு கோட்டு நெடுக ஓடினேன். கிழிந்த சட்டை நுனி பின்னால் பறந்தது. நௌபர் திகைத்துப்போனார். “சேர், கோல் இல்லையே! என்னத்துக்குத் துள்ளுறீங்க?”

ஆதில் பொறுத்து நின்று பந்தைக் கொடுத்த இடத்தைக் கையால் காட்டினேன். ஆட்டம் கோலில்லாமலே முடிந்தது. ஆதில் தலையைக் குனிந்தபடி வாப்பாவிடம் வந்தான். அவர் அவனுடைய தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு, என்னைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: “பொறுத்து நிண்டுதான் குடுத்தான், நான் கண்டனான். டியூஷன் மாஸ்டரிட்ட நேரத்தை மாத்தித் தரச் சொல்லிக் கேக்கிறன்.”

ரிஸ்மியின் ஓட்டோ

ரிஸ்மி இப்போது ஓட்டோ ஓட்டுகிறான். கிண்ணியாப் பிள்ளைகளைப் பாலத்தால் ஏற்றி வருவது அவன்தான். பயிற்சி முடிந்தால் அவர்களுக்கு அந்தப் பழைய கோலை நடித்தே காட்டுவான். வருடத்துக்கு வருடம் அதில் பாஸ் கூடுகிறது. இப்போது புதிதாக ஒரு குதிகால் பாஸும் சேர்ந்திருக்கிறது. போன கிழமை அதைக் கேட்ட பிள்ளைகள் குதிகாலால் தட்டிப் பழக ஓடினார்கள். டிலக்சி மட்டும் நின்று, “மாமா, போன முறை சொல்லேக்க குதிகால் இல்லையே?” என்றாள்.

ரிஸ்மி சிரித்துச் சமாளித்தான். நானும் அவனும் ஓட்டோவின் பின் சீற்றில் இருந்து பால் விடாத பிளேன்ரீ குடித்தோம். முன்பென்றால் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் துணிவு வந்திராது. விடை பிழைத்தால் என்னிடம் வேறு எதுவும் மிஞ்சாது. இப்போது கண்ணால் கண்ட ஒன்று இருக்கிறது, கோல் ஆகாவிட்டாலும். பார்க்காத ஒரு கோலை நம்பி இத்தனை பிள்ளைகளுக்குப் பார்க்கப் பழக்கியிருக்கிறேன் என்றால், அதற்கும் பயிற்சி என்றுதான் பெயர். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்:

“ரிஸ்மி, உண்மையைச் சொல்லு. அண்டைக்கு நீ அந்தக் கோலைப் பாத்தனியா, இல்லாட்டி என்ர முகத்தைப் பாத்தனியா?”